நான் பார்த்த பேய்: அல்கோல்

பேய் பார்த்த அனுபவம் என்று கேட்டால் நான் சொல்வது அல்கோல் விண்மீனைத்தான். ஏறத்தாழ 90 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, பயமில்லை. அரபியில் ‘ரஃஸ் அல்-கூல்’, அதாவது கூலின் தலை. ஆங்கிலத்தில் பிணம் தின்னும் பேயைக் கூல் என்கிறார்களே, அதே சொல்.

தொலைநோக்கி வேண்டாம், மாடியில் பாயை விரித்துப் படுத்தால் போதும். மற்ற நேரத்தில் அல்கோலும் அருகிலுள்ள அல்மாக்கும் ஒரே பிரகாசம். நான் பார்த்த இரவில் அல்கோல் மங்கிக்கொண்டே வந்தது. உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் பிடிபடும். ஐந்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளிகூட மிஞ்சவில்லை, பக்கத்தில் சோனியாக நிற்கும் ரோ பெர்சி விண்மீனோடு ஜோடி சேர்ந்துவிட்டது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை, மங்கலான துணை விண்மீன் குறுக்கே வந்து மறைப்பதால் இது நடக்கிறது. ஏதோ ஓர் இருண்ட பொருள் சுற்றி வந்து மறைக்கலாம் என்று 1783-ல் சொன்னவர் ஜான் குட்ரிக், காது கேளாத ஆங்கிலேய இளைஞர். அப்போது வயது 18!

இப்படி மங்குவதைப் பார்த்துத்தான் அரபியர் பேய்ப் பெயர் வைத்தார்கள் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் விண்மீன் பட்டியலிலேயே அது, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ் கையில் தொங்கும் கோர்கன் என்ற பாம்புக்கூந்தல் அரக்கியின் தலை. அரபுக்குப் போனபோது அங்கே தெரிந்த பேயின் தலையானது, அவ்வளவுதான். அந்தக் கூல் பாலைவனத்தில் உருமாறி வந்து வழிப்போக்கரைத் திசைதிருப்பிக் கொல்வது. எந்த உருவம் எடுத்தாலும் கழுதைக் குளம்பு மட்டும் மாறாதாம். (கானலுக்கு நம் பழம்பாடல்களில் பேய்த்தேர் என்று பெயர். வறண்ட நிலமும் ஏமாற்றும் பேயும் எங்கும் சேர்ந்தே வரும்போல.) கூல் கல்லறையைத் தோண்டுவது, ‘ஆயிரத்தொரு இரவுகளை’ப் பிரெஞ்சில் தந்த அந்துவான் கல்லான் கைங்கரியம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் கூல் நுழைந்தது 1786-ல், ஆங்கில எழுத்தாளர் பெக்ஃபோர்டின் ‘வாதெக்’ கதையோடு. குட்ரிக் இறந்ததும் அதே ஆண்டுதான்.

* * *

மேலே எழுதியவருக்கு: எனக்கு இந்தப் பேய் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘ஆல்கஹால் என்றால் அல்-கூல், உடலைத் தின்னும் பேய்’ என்று பெரியப்பா குடும்பக் குழுவில் போட்டிருந்தார். ஆல்கஹாலுக்கு மூலம் அல்-குஹ்ல், கண்ணுக்கு இடும் மைப்பொடி. முதலில் நைசான பொடி, அப்புறம் எதிலிருந்தும் வடித்தெடுத்த சாரம், கடைசியில் ஒயினின் சாரம் என்று பொருள் நகர்ந்துபோனது. இதைப் பொறுமையாக எழுதிப் போட்டேன். “குடிக்கு வக்காலத்து வாங்குறியா?” என்றுதான் பதில் வந்தது.