ஆச்சியின் முதுகெலும்பில் டிபியா, புற்றுநோயா? பயாப்சிக்கு இடம் சொல்லுங்கள்

கானாடுகாத்தானில் 64 வயது ஆச்சிக்கு மூன்று மாதமாக நடுமுதுகு வலி, எடையும் இறங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் டி9, டி10 என்ற நடுமுதுகு எலும்புகள் அரித்திருக்கின்றன. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் கெடாததால் "புற்றுநோய் பரவலாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். டிஸ்க்கைத் தொடாத டிபியும் உண்டே! பெட் ஸ்கேனில் இரண்டுமே ஒளிரும். திசு எடுத்துத்தான் (பயாப்சி) பார்க்க வேண்டும்.

காரைக்குடி, சிவகங்கை, மதுரைப் பக்கம் சிடி பார்த்து ஊசி வழியாகப் பயாப்சி எங்கே எடுக்கிறார்கள்? திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. ஒரு பங்கு ஃபார்மலினில் பத்தாலஜிக்கு, மறுபங்கு வெறும் சலைனில் சிபிநாட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் என்று பிரித்து அனுப்பும் இடம் வேண்டும்.

டிபி மாத்திரையோ ஸ்டீராய்டோ இன்னும் தொடங்கவில்லை; தொடங்கினால் பரிசோதனை முடிவே குழம்பும். காலில் பலம் இருக்கிறது, சிறுநீரும் சரியாகப் போகிறது. அது மாறுவதற்குள், இந்த வாரமே எடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.