நார்க் கால்மிதியைச் சுத்தம் செய்தபோது உங்களுக்கு என்ன ஆனது?

மஞ்சக்குப்பம் வாசி:
ஃபெஞ்சல் புயலின் வெள்ளம் வடிந்த வாரம், 2024 டிசம்பர். தென்பெண்ணைத் தண்ணீர் எப்படி நின்றது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கிடந்த தேங்காய் நார்க் கால்மிதி முழுக்கச் சேறும் நாற்றமும். ஒரு வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டு, இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் வெளுத்துப் பளிச்சென்று இருந்தது, மகிழ்ந்துபோனேன். காய்ந்ததும் மதில்மேல் போட்டு ஓர் அடி அடித்தேன். நார் கொத்தாகப் பிய்ந்து விழுந்தது. கையில் எடுத்துக் கசக்கினால் பழைய வைக்கோல் போல நொறுங்கியது. மாமியார் பார்த்துப் பார்த்து வாங்கியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. தண்ணீரில் ஊறப்போட்டதே தவறு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

தேவனாம்பட்டினம்:
தண்ணீரின்மேல் பழிபோடாதீர்கள் அக்கா. கயிறு திரிக்கும் வெள்ளை நாரை எடுக்கவே மட்டையை உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். நாருக்கு விறைப்பைத் தருவது அதிலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள். பிளீச்சிங் பவுடரின் குளோரின் அதைத்தான் அரித்திருக்கிறது.

எங்கள் வீடு சில்வர் பீச் பக்கம். சித்திரை வெயிலிலும் கால்மிதி நசநசவென்றே இருந்தது. ஒரு நாள் அதை அழுத்திய விரலை நாக்கில் வைத்தேன், கரித்தது. கடற்காற்றின் உப்பு, கரையிலிருந்து திரும்பும் கால்களின் உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படிக் காயும்? நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசித் தொங்கவிட்டேன். அன்றோடு நசநசப்பு போயிற்று.

முத்தியால்பேட்டை:
தேவனாம்பட்டினம் நண்பர் சொல்வதை எல்லோரும் செய்துவிடக் கூடாது. அவருடையது வெறும் நாரில் நெய்ததாக இருக்கும். எங்களுடையது அடியில் ரப்பர் ஒட்டியது. அதற்குள் இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. தினமும் வாசல் தெளிக்கும்போது நனைந்துகொண்டே கிடந்தது. வாடகை வீட்டைக் காலி செய்த அன்று எடுத்தோம். வெள்ளை மொசைக் தரையில் அதே அளவுக்குத் தேநீர் நிறத்தில் கறை. நாரிலிருந்து இறங்கிய துவர்ப்புச் சாயம். மண்டியிட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆகவே சொல்கிறேன். முதல் வேலை தண்ணீர் அல்ல, தட்டுவது. வாரம் ஒரு முறை கவிழ்த்துப் போட்டுத் தட்டுங்கள். மணல் தானாகக் கொட்டும். உள்ளே தங்கிய மணல்தான் மிதிக்க மிதிக்க நாரை அறுக்கிறது. சேறு ஒட்டினால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டு, விறைப்பான பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள். எண்ணெய்க் கறைக்கு மட்டும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். வண்ணம் அச்சிட்டதாக இருந்தால் ஓர் ஓரத்தில் ஈரத்துணியை அழுத்திப் பாருங்கள், சாயம் போகலாம். காயவைக்கும்போது படுக்கப்போடாமல் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே கால்மிதியை நம்பாதீர்கள். இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். அரிசி மாவில் கோலம் போடும் வீடுகளில் அடியில் எறும்பு சேரும், அதையும் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:
சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியதை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? எங்கள் வீட்டில் குழந்தை தவழ்கிறது. அன்றே தூக்கி எறிந்தேன், வருத்தமில்லை.

மஞ்சக்குப்பம் வாசி:
எறிய மனம் வரவில்லையே, என்ன செய்வது! இப்போது இருப்பது ரப்பர் ஒட்டியது. இன்று வாசல் தெளிக்கும் முன்பே எடுத்து மதில்மேல் போட்டுவிட்டேன்.