அம்மிச்சி சமையல் விருந்துக்கு யோசனை சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டை மாடில தோழிங்க பத்துப் பன்னண்டு பேர் கூடறோம். அம்மிச்சியோ (அம்மாவோட அம்மா) அப்பத்தாவோ செஞ்சு குடுத்ததுல ஒண்ணை அவங்கவங்க சமைச்சு எடுத்துட்டு வரணும், செய்முறையையும் கைப்பட எழுதித் தரணும். எங்க அம்மிச்சி கைப்பக்குவம் எழுதி வெக்காமலேயே போயிருச்சுங்க, அதனாலதான் இந்த ஏற்பாடு. கச்சாயம், கொள்ளுப்பருப்பு, செலவு ரசம், ஒப்புட்டுன்னு ஆளாளுக்குப் பேர் குடுத்துட்டாங்க.

என் பங்கு சந்தகை, இடியாப்பம் மாதிரி பிழியற பலகாரமுங்க. புழுங்கலரிசியை ஊறவெச்சு அரைச்சு, இட்லியா வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள பிழியணும். ஆறிட்டா அச்சுல இறங்காது. இத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடலாம்? காலைலயே பிழிஞ்சு வெச்சா மதியம் வரைக்கும் காயாம இருக்க என்ன பண்ணுவீங்க? கோயமுத்தூர் சிங்காநல்லூர் பக்கம் யாராச்சும் சந்தகை மிஷின் இரவல் தருவீங்களா? கழுவித் துடைச்சுப் பத்திரமா நானே கொண்டாந்து தந்தர்றேன்.

என் கைச்செலவு 1,500 ரூபாய்க்குள்ள முடியணுங்க. காய் உழவர் சந்தைல வாங்கிக்கலாம், இலை தோட்டத்துல இருந்து வந்துரும். தேங்காய் விலைதான் கையைக் கடிக்குது. தேங்காய்ப்பாலைக் குறைச்சுட்டு, எள்ளும் வெல்லமும் இடிச்சுத் தூவிக் குடுத்தா நல்லா இருக்குமா? செஞ்சு பாத்தவங்க அளவோட சொல்லுங்க.