பேர் தெரியாத பிராண்டு யுகுலேலே, வாங்குறதுக்கு முன்னாடி தரத்தை எப்படிப் பார்க்குறது?

புதுவிரல்:
ஆன்லைன்ல ஒரு கான்சர்ட் சைஸ் யுகுலேலே (சின்ன கிடார் மாதிரி நாலு கம்பி வாத்தியம்) பார்த்து வச்சிருக்கேன், பிராண்டு பேரைக் கேள்விப்பட்டதே இல்ல, தேடினா அந்தக் கம்பெனிக்கு ஒழுங்கா ஒரு வெப்சைட் கூட இல்ல. ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார்தான், ஆனா எல்லாரும் "கலர் சூப்பர், டெலிவரி ஃபாஸ்ட்"ங்கிறாங்களே தவிர சவுண்டு பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. மஹோகனின்னு போட்டிருக்கு. கிடார் கொஞ்சம் வாசிப்பேன், இது புதுசு. கையில எடுத்துப் பார்க்காம எப்படி நம்புறது?

நாலுகம்பி:
லோகோவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, ஒரே ஃபேக்டரி பல பேருக்கு செஞ்சு குடுக்கும், ஹெட்ஸ்டாக்ல (கழுத்தோட தலைப்பகுதி) பேர் மட்டும் மாறும். வெறும் மஹோகனின்னு போட்டிருந்தா லேமினேட்னே (மெல்லிய அடுக்குகளை ஒட்டினது) எடுத்துக்கோங்க, சாலிட் டாப்பா (மேல் பக்கம் ஒரே பலகை) இருந்தா விக்கிறவர் அதைத் தலைப்புலயே போட்டிருப்பார். சந்தேகம்னா சவுண்டு ஹோல் ஓரத்தை க்ளோசப்ல போட்டோ கேளுங்க. மேல ஓடுற மர ரேகை வெட்டுன ஓரத்துலயும் அப்படியே இறங்கினா ஒரே பலகை, அடுக்கடுக்கா தெரிஞ்சா லேமினேட். லேமினேட்னா மட்டம்னு நினைக்காதீங்க, காத்து ரொம்ப காய்ஞ்சா சாலிட் விரிசல் விடும், இது தாங்கும்.

சுருதிப்பைத்தியம்:
மரம் எல்லாம் அப்புறம், முதல்ல சுருதி நிக்குதான்னு பாருங்க. எக்கோ கிக்கோ எதுவும் போடாம போன்ல ஒரு வீடியோ கேளுங்க, நாலு கம்பியையும் ஓப்பன்ல ஒரு தட்டு, அப்புறம் 12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கோடு) அழுத்தி ஒரு தட்டு. வீடியோவை ஓட விட்டு பக்கத்துல டியூனர் ஆப்பை வைங்க, 12வது சரியா ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல வரணும், அஞ்சாறு சென்ட் (அரை ஸ்வரத்துல, அதாவது செமிடோன்ல, நூத்துல ஒரு பங்கு) முன்னபின்ன இருந்தா பரவால்ல, இருபதுன்னா காது கூசும்.

அடுத்தது நட், அதாவது கழுத்தோட மேல்முனையில கம்பி உட்கார்ற பள்ளம் வெட்டுன சின்ன கட்டை. மலிவு யுகுலேலேல பாதி கோளாறு இங்கதான், பள்ளத்தை ஆழமா அறுக்காம கம்பியை உயரத்துலயே விட்டுடுவாங்க, அதனால முதல் ஃப்ரெட்ல அழுத்தினாலே சுருதி தேவைக்கு மேல ஏறும், பி ஃப்ளாட் கோர்டு புடிச்சா விரல் போயிடும். கைக்கு வந்ததும் 2வதுக்கும் 3வதுக்கும் நடுவுல கம்பியை அழுத்தி முதல் ஃப்ரெட் மேல பாருங்க, ஒரு தாள் நுழையுற இடைவெளி போதும். 12வது கிட்ட மூணு ஏடிஎம் கார்டை அடுக்கி வச்சா கம்பியை லேசா தொடணும், அது 2.3 மில்லிமீட்டர் வரும், நல்ல உயரம். நாலு கார்டு தாராளமா போனா ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம்) ஜாஸ்தி.

ஞாயிறுவாசிப்பு:
இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு, செட்டப் பண்ணிக் குடுக்குற கடையில தெரிஞ்ச பிராண்டா வாங்கிட்டுப் போங்க, நாளைக்கு வித்தாலும் விலை போகும். ஆன்லைன்தான்னா ரிட்டர்ன் இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, புது நைலான் கம்பி சில நாள் இழுபட்டுக்கிட்டே இருக்கும், சுருதி இறங்குதேன்னு உடனே டியூனர் கீயைத் திட்டாதீங்க.

புதுவிரல்:
வீடியோ அனுப்பிட்டாங்க! ஜி, சி, ஈ மூணும் ஓகே, ஏ கம்பி மட்டும் 12வதுல பதினஞ்சு சென்ட் ஏறிக் காட்டுது. விட்டுடவா?

சுருதிப்பைத்தியம்:
ஒண்ணு மட்டும்னா பெரும்பாலும் அந்தக் கம்பிதான், தடிமன் சீரா இல்லாத கம்பி அப்படித்தான் காட்டும், அக்குவிலா மாதிரி கம்பி பிராண்டுல ஒரு செட் மாத்தினா சரியாக வாய்ப்பு இருக்கு. நாலும் ஒரே மாதிரி ஏறியிருந்தா பிரிட்ஜ் (உடம்புல கம்பியைக் கட்டுற கட்டை) ஒட்டுன இடமே தப்பா இருக்கலாம், அதுன்னா வேணாம்னு சொல்லியிருப்பேன். ரிட்டர்ன் எத்தனை நாள்னு கேட்டுட்டு வாங்குங்க, வந்ததும் கம்பியை மாத்திட்டு திரும்ப செக் பண்ணுங்க. ஃப்ரெட் ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க, குத்துச்சுன்னா சின்ன அரத்தால தேய்ச்சுக்கலாம், அதுக்காக திருப்பி அனுப்ப வேணாம்.