ஜப்பான் அரசுத் தொடக்கப்பள்ளி: முதல் ஒரு வருடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் வருகிறோம். மகளுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறோம். ஜப்பானிய மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. நாங்கள் சைவம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்

வீடு பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் முகவரியை வைத்தே முடிவாகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு அங்கே உண்டா என்று வார்டு ஆபீஸிலோ நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள். எல்லாப் பள்ளியிலும் அது இருக்காது.

குடியேறிய 14 நாளுக்குள் ஜைர்யூ கார்டு என்ற வசிப்பிட அட்டையோடு முகவரி பதியப் போவீர்கள். அன்றே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. அதனால் நாம் கேட்டால்தான் சேர்க்கை நடக்கும். கேட்டால் ஜப்பானியப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே இடம் கிடைக்கும். கல்விக் கட்டணமும் பாடப்புத்தகமும் இலவசம். பயிற்சி ஏடு, சுற்றுலா போன்றவற்றுக்கான பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். மதிய உணவுக்குச் சில ஊர்களில் கட்டணம் உண்டு, சில ஊர்களில் இல்லை. வருமானம் குறைவென்றால் ஷூகாகு என்ஜோ என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஏப்ரல் 2 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஊரில் எந்த வகுப்பு படித்தாள் என்பதைவிடப் பிறந்த தேதிதான் பேசும்.

சேர்க்கும் நாளிலேயே பெயரைத் தெளிவுபடுத்துங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால், வகுப்பில் பிள்ளையை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைக்கோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. எந்தப் பெயரில் அழைக்க வேண்டும், அதை எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்று ஆசிரியரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு எல்லாப் பொருளிலும் அதையே எழுதுங்கள்.

எல்லாப் பொருளிலும் என்றால் உண்மையிலேயே எல்லாவற்றிலும். முதல் வகுப்புக் கணக்குப் பெட்டியில் விரல்நகம் அளவு வில்லைகள், எண்ணும் குச்சிகள், அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பெயர் வேண்டும். சின்ன அளவு பெயர் ஸ்டிக்கரை முன்கூட்டியே அச்சடித்து வாங்கினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். பென்சில் பி அல்லது 2பி, படம் போடாதது. அழுத்தினால் லீட் வெளியே வரும் மெக்கானிக்கல் பென்சில் ஆகாது. ராண்டோசெரு என்ற முதுகுப் பை சட்டப்படி கட்டாயமில்லை. புதிது விலை அதிகம், அதனால் பழையதை விசாரித்துப் பாருங்கள். பள்ளிக்குள்ளே போடும் உவாபாகி என்ற காலணியை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்து, திங்களன்று அனுப்ப வேண்டும்.

மொழியைவிட நம் குடும்பங்கள் தடுமாறுவது காகிதத்தில்தான். பிள்ளை மொழியைப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தை நாம்தான் பார்க்க வேண்டும். தினமும் மாலை பையைத் திறந்து, ரென்ராகுச்சோ என்ற தொடர்பு நோட்டையும் கோப்பில் வரும் தாள்களையும் எடுத்து, போனில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். மோச்சிமோனோ என்றால் கொண்டுவர வேண்டியவை, ஷிமெகிரி என்றால் கடைசித் தேதி. இந்த இரண்டின் எழுத்து வடிவத்தை மட்டுமாவது கண்ணுக்குப் பழக்குங்கள். தாளின் அடியில் புள்ளிக்கோடு இருந்தால், அதற்குக் கீழே உள்ள துண்டை நிரப்பி, வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பொருள். பலர் தவறவிடுவது இந்தத் துண்டைத்தான். கையெழுத்தில் எழுதியதைச் செயலி தப்பாகப் படிக்கும். முடிந்தால் தட்டச்சு செய்து தரும்படி ஆசிரியரிடம் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

ஒன்தோகு என்ற வாய்விட்டு வாசிக்கும் வீட்டுப்பாடம் ஏறக்குறைய தினமும் வரும். பெற்றோர் கேட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஹிராகனா என்ற அடிப்படை எழுத்து 46ஐயும் நீங்களும் கூடவே கற்றால், எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். முதல் வகுப்பில் படிக்கும் கான்ஜி என்ற சித்திர எழுத்து 80தான்.

ஜூன், ஜூலையில் நீச்சல். பல பள்ளிகளில் அன்று காலை பார்த்த உடல் வெப்பத்தையும் பெற்றோர் கையெழுத்தையும் அட்டையில் கேட்பார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பிள்ளை குளத்துக்கு வெளியே உட்கார வேண்டியதுதான். கோடை விடுமுறைக்கு முன் முதல் வகுப்புப் பிள்ளைகள் வளர்த்த அசகாவோ என்ற பூச்செடி தொட்டியோடு வீட்டுக்கு வரும். விடுமுறையில் ஊருக்குப் போவதென்றால் யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே யோசியுங்கள்.

இன்னொருவர் பதில்

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளிச் சமையலறையில் தனியாகச் சைவம் சமைப்பது அரிது. காய்கறி சூப் என்று இருந்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்மீனில் எடுத்தது. கறிக்குழம்புக் கட்டியிலும் விலங்குக் கொழுப்பு இருக்கலாம். மாதம் ஒரு முறை வரும் உணவுப் பட்டியலில் சேர்மானங்களும் இருக்கும். அதில் ஆகாததைச் சிவப்பில் வட்டமிட்டு ஆசிரியரிடம் கொடுங்கள். சோறு, பால், பழத்தைப் பள்ளியில் எடுத்துக்கொண்டு தொடுகறியை மட்டும் வீட்டிலிருந்து அனுப்பலாமா, முழுவதுமே வீட்டு டப்பாவா என்று பேசி முடிவு செய்யுங்கள்.

அலர்ஜி என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். அலர்ஜிக்கு மருத்துவர் நிரப்பிய படிவம் வேண்டும். பள்ளி அதை உயிர் விஷயமாகக் கையாளும். உணவுப் பழக்கம் என்று நேராகச் சொன்னால் போதும்.

சூடாக்க வசதி இருக்காது. வெயில் மாதங்களில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். ஐஸ் பேக் வைத்து, எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ அனுப்புங்கள்.

வீட்டு டப்பா கொண்டுபோனாலும் பரிமாறும் முறை வரும்போது உங்கள் மகளும் வெள்ளை அங்கி போட்டுப் பரிமாறுவாள். அது அங்கே பாடத்தில் சேர்ந்தது, வகுப்பறை கூட்டித் துடைப்பது போல. இறைச்சிக் கிண்ணத்தைத் தொட அவளுக்குச் சங்கடம் என்றால், பால், ரொட்டி வேலையைக் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். வெள்ளியன்று அந்த அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்களன்று தவறாமல் அனுப்புங்கள். அடுத்த வாரம் அது வேறு பிள்ளைக்குப் போகும்.

காதுக்கம்மல், கொலுசைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. நம் வழக்கத்தைச் சொன்னால் சில இடத்தில் சின்னத் திருகுக் கம்மலை ஏற்பார்கள். உடற்கல்வி நேரத்தில் கழற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. பி.டி.ஏ. என்ற பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் கட்டாயம் சேர வேண்டுமா? மொழி தெரியாமல் அங்கே என்ன செய்வது?

பதில்

சட்டப்படி விருப்பம்தான். ஆனாலும் சேருங்கள். ஏப்ரல் பெற்றோர் கூட்டத்தில்தான் வேலைகளைப் பிரிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போனால், பேச்சு தேவைப்படாத வேலையை நீங்களே கேட்டு வாங்கலாம்: காலையில் தெருமுனையில் கொடி பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது, விளையாட்டு விழாவில் நாற்காலி எடுத்து வைப்பது. அங்கே அறிமுகமாகும் ஒரு அம்மா போதும், புரியாத தாளை லைன் என்ற அரட்டைச் செயலியில் படம் அனுப்பிக் கேட்கலாம்.

நிலநடுக்கம் வந்தால் பிள்ளையைப் பெரியவர் கையில் ஒப்படைக்க ஹிகிவதாஷி அட்டை வாங்குவார்கள். அதில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை விடுவார்கள். உங்கள் இருவர் பெயரோடு நடந்து வரும் தூரத்தில் உள்ள இன்னொரு குடும்பத்தின் பெயரையும், அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இருவரும் ரயிலில் அலுவலகம் போகிறவர்கள் என்றால் இது மிக முக்கியம், ரயில் நின்றுவிடும்.

குளிர்காலத்தில் இன்ஃப்ளூயன்ஸா வந்தால், காய்ச்சல் தொடங்கிய மறுநாளிலிருந்து 5 நாளும், காய்ச்சல் விட்டபின் 2 நாளும் முடிந்தால்தான் பள்ளிக்கு அனுப்பலாம். அந்த நாட்கள் விடுப்பில் சேராது. அதனால் வெறும் காய்ச்சல் என்று சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்லித் தகவல் கொடுங்கள்.