பின் டிரம் கழன்று வரவில்லை, பிரேக் பைப் நட்டும் திரும்பவில்லை: சிலிண்டர் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டைஸ்பிரிங்:
பழைய பிக்கப். பின்னால் டிரம் பிரேக். லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒரு கம்பியால் ஆக்சிலோடு இணைந்திருக்கிறது. இடது டிரம் வரவே இல்லை. வலது டிரம் வந்துவிட்டது, ஆனால் வீல் சிலிண்டரின் (பிரேக் கட்டையை, அதாவது ஷூவை, டிரம்மோடு தள்ளும் சிறு உருளை) ரப்பர் தொப்பியைத் தூக்கினால் உள்ளே ஈரம். நிப்பிளும் (ஏர் எடுக்க, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற, திறக்கும் திருகு) பைப் நட்டும் அசையவில்லை, சாதாரண ஸ்பேனர் போட்டதில் நட்டு முனை மழுங்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சில் மேல் ஓடும் பைப்பில் கிளிப் பிடித்திருக்கும் இடமெல்லாம் துரு உப்பி நிற்கிறது.

டிரம்சத்தம்:
முதலில் இடது டிரம். முன் சக்கரங்களுக்கு முட்டு வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகு ஹேண்ட்பிரேக்கை முழுசாக விடுங்கள்.

டிரம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். துளிகூட அசையவில்லை என்றால் நடு ஓட்டையில் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) துரு பிடித்திருக்கிறது. அந்த வளையத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் கொஞ்சமாக விட்டு ஊறவிடுங்கள். டிரம் முகத்தில் மறை போட்ட இரண்டு ஓட்டை இருந்தால் (பெரும்பாலும் 8 எம்எம் போல்ட்) இரண்டிலும் போல்ட் ஏற்றி, மாற்றி மாற்றி அரைச் சுற்று இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிரம் சாய்ந்து இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். வெளி விளிம்பில் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடையும்.

கொஞ்சம் வெளியே வந்து நின்றுவிட்டால் கதை வேறு. டிரம் உள்ளே தேய்ந்து, ஓரத்தில் நிற்கும் துரு வரப்பில் ஷூ மாட்டுகிறது. பேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னால் நிற்கும் தகடு) ரப்பர் மூடியைக் கழற்றி, ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அட்ஜஸ்டர் லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஷூ டிரம்மை விட்டு உள்ளே வரும்படி நட்சத்திர சக்கரத்தைத் தளர்த்துங்கள்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரப்படுத்தித் துடையுங்கள்.

ஃபிளேர்நட்டு:
சிலிண்டர் மட்டும் மாற்றினால் போதாது. உங்கள் வண்டியில் உண்மையான ஆபத்து அந்தப் பைப்தான். கிளிப்புக்கு அடியில் ஈரமும் சேறும் தங்கி, வெளியே தெரிவதை விட ஆழமாக அரித்திருக்கும். பிரேக்கை அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான் அது வெடிக்கும்.

பைப்பை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், அதனால் மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு முனையையும் பிடிக்கும் சாக்கெட்டைப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டும் நிப்பிளும் பழைய சிலிண்டரோடே போகட்டும்.

புதிதாகப் போட காப்பர் நிக்கல் பைப் நல்லது. துரு பிடிக்காது, கையாலேயே வளையும். பெரும்பாலான வண்டிகளில் அளவு 4.75 எம்எம், அதாவது 3/16 அங்குலம். பழைய பைப்பின் நுனியைப் பார்க்காமல் ஃபிளேர் (கசியாமல் உட்கார நுனியை விரிப்பது) அடிக்காதீர்கள். உள்ளே மடிந்த இரட்டை ஃபிளேரும் குமிழ் ஃபிளேரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஃபிளேர் அடிக்கும் முன் நட்டைக் கோர்க்க மறக்காதீர்கள். வெட்டிய பைப்பை கம்ப்ரெஷன் இணைப்பு போட்டு ஒட்டவே கூடாது.

நெருப்பு காட்டிச் சூடாக்குவதாக இருந்தால், குளோரின் கலந்த கிளீனர் அடித்த இடத்தில் கூடாது. வரும் புகை நச்சு.

பட்டைஸ்பிரிங்:
நன்றி அண்ணா. ஷூ பழசையே போடலாமா? ஏர் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

டிரம்சத்தம்:
பிரேக் ஆயிலில் நனைந்த லைனிங்கை எப்படிக் கழுவினாலும் சரியாகாது. ஒரு பக்கம் நனைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், சிலிண்டரும் அப்படியே. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் மற்றது பார்த்து மாட்ட மாதிரியாக இருக்கும். இரண்டு ஷூவின் லைனிங்கும் வெவ்வேறு நீளமாக இருந்தால் பெரும்பாலும் குட்டையானது வண்டியின் முன்பக்கம் வரும். அட்ஜஸ்டரை இடம் வலம் மாற்றிவிடாதீர்கள், மறை எதிரெதிர். மாற்றினால் தானாக இறுகுவதற்குப் பதில் தளரும்.

பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளைத் துரு போகத் தேய்த்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி, பிரேக் விடாமல் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்து விடுங்கள், சட்டென்று திரும்பாவிட்டால் புதுசு போடுங்கள். டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் மாற்றத்தான் வேண்டும்.

ஃபிளேர்நட்டு:
ஏர் எடுக்கும் முன்பே ஷூவை டிரம்மில் லேசாக உரசும் அளவு அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஷூ தள்ளி நின்றால் ஏர் இல்லாமலே பெடல் ஆழமாகப் போகும். ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த லோடு வால்வு பின்பக்கத்துக்கு ஆயிலைக் குறைத்துவிடும். அதனால் ஸ்டாண்டு சேஸிஸில் வேண்டாம், ஆக்சிலில் இருக்கட்டும். வால்வின் கம்பி துருவில் இறுகியிருந்தால் அதையும் விடுவியுங்கள்.

பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் தள்ளும் முதன்மை சிலிண்டர்) பிஸ்டன் ரப்பர் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், அதில் உரசினால் கிழியும்.