கணினி அறைக்கு டேப்லெட் போதுமா? உங்கள் அனுபவம் தேவை

ஆயர் ஈத்தாம் அம்மா:
வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் பொருளாளர். விருந்து நடத்திச் சேர்த்த 12,000 ரிங்கிட் கையில் இருக்கிறது. கணினி அறையில் உள்ளவை எல்லாம் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. செயற்குழுவில் பாதிப் பேர், "எல்லாத்தையும் தூக்கிட்டு டேப்லெட் வாங்கிடுவோம், பிள்ளைங்களுக்கு அதுதான் பழக்கம்" என்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் மகன் ஆண்டு 3. அவன் படிப்பு முழுக்க என் கைப்பேசியிலும், பிறகு ஒரு டேப்லெட்டிலும் ஓடியது. இப்போது இடைநிலைப்பள்ளி. போன வாரம் நான்கு பக்கக் கட்டுரை அடித்தான். திரையில் பாதியை எழுத்துப்பலகை மறைத்துக்கொள்ள, மேலே ஏழெட்டு வரிதான் தெரிகிறது. முதல் பத்தியைப் பார்க்க மேலே தள்ளுவான், திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியாது. ஒரே விரல், இரவு பதினொன்றரை. "ஃபைலை எங்கடா வச்ச?" என்றால், "அதுக்குள்ளதாம்மா இருக்கும்" என்கிறான். புத்திசாலிப் பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் ஏது?

பள்ளியோ அலுவலகமோ, டேப்லெட்டை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல் டீச்சர்:
அக்கா, டேப்லெட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான் ஆண்டு 1-க்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு பையனுக்கு 'ழ' வரவே இல்லை. அவன் வாசித்ததைப் பதிவுசெய்து அவனுக்கே போட்டுக் காட்டினேன். மூன்றாவது தடவை தானாகவே நிறுத்தி, "டீச்சர், திரும்ப வாசிக்கிறேன்" என்றான். மேசைக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது.

ஆண்டு 4-க்கு மேல் நீங்கள் சொல்வதுதான் சரி. தட்டச்சுப் பலகையில் எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், விரல் பார்க்காமலே இடம் கண்டுபிடிக்க. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் எஃப்-தான் புள்ளி, ஜே-தான் ப. பெரும்பாலும் இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். டேப்லெட்டின் கண்ணாடித் திரையில் அந்த மேடு ஏது? பிள்ளை குனிந்து தேடிக்கொண்டே இருக்கும்.

பாயான் லெப்பாஸ் கணக்கர்:
எங்கள் கிடங்கில் சரக்கு எண்ணுவதற்கு டேப்லெட்தான், அருமையாக ஓடுகிறது. நடந்துகொண்டே பார்கோடு ஸ்கேன் பண்ணலாம். அதைப் பார்த்து முதலாளி கணக்குப் பிரிவுக்கும் மடிக்கணினிக்குப் பதில் டேப்லெட் கொடுத்தார். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்திலேயே மாட்டிக்கொண்டோம். எங்கள் எக்செல் தாள்கள் மேக்ரோவில் (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொடர்) ஓடுபவை, ஐபேட், ஆண்ட்ராய்டு டேப்லெட் எக்செலில் மேக்ரோ ஓடாது. வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கவும் திரை பத்தவில்லை. இரண்டு மாதத்தில் மடிக்கணினி திரும்பி வந்தது. இன்னொன்று: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லெட்டில் வேர்ட், எக்செல் கோப்பைத் திருத்த சந்தா வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் கணினிக்கடை:
அக்கா, பழையதைத் தூக்கிப் போட அவசரப்படாதீங்க. இன்டெல் செயலி என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்து, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் விண்டோஸ் 11 ஏறும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போட்டாலே ஆள் மாறிடும். அதுக்கும் கீழே உள்ளதில் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போடலாம். தட்டச்சு, இணையம் எல்லாத்துக்கும் போதும். டேப்லெட்டில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பான். பள்ளி விடுமுறை முழுக்க சார்ஜரிலேயே கிடந்து பேட்டரி வீங்கி, திரையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவை நிறைய. மாற்றுகிற கூலிக்குப் புதுசே வாங்கலாம் என்று ஆகிடும்.

ஆயர் ஈத்தாம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. செயற்குழுவில் இப்படிக் கேட்கப்போகிறேன்: ஆண்டு 1, 2-க்கு நான்கு டேப்லெட், மீதிப் பணம் கணினி அறைக்கு. தம்பி, சனிக்கிழமை சாவி வாங்கி ஒவ்வொன்றும் எத்தனையாம் தலைமுறை என்று எழுதி வருகிறேன். மொத்தம் பதினெட்டு இருக்கிறது. டீச்சர், தமிழ்99 பயிற்சித்தாள் கையில் இருந்தால் அனுப்புங்கள், என் மகனுக்கும் சேர்த்து.